மணலியில் ஐந்து வருஷம் கிடந்த உப்பு

சுட்ட சுண்ணாம்புக்கல்லை எங்கே இறக்கி வைப்பது என்று எங்கள் கோம்பைப் பக்கத்துப் பழைய கொத்தனார்களுக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. கூரைக் கொட்டகைக்கு அடியில் கூடாது, வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் கூடாது, மழைத்தண்ணி ஓடி வரும் பள்ளத்தில் கூடவே கூடாது. கல் பாட்டுக்குச் சும்மா கிடக்கும். தண்ணி பட்டால் கொதிக்கும். பக்கத்தில் காய்ந்த வைக்கோல் இருந்தால் அந்தச் சூட்டிலேயே தீப்பிடிக்கும்.

திராட்சைத் தோட்டக்காரர்களைக் கேட்டால் இன்னொன்று சொல்வார்கள். அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்து போர்டோ கலவை போடுவது வழக்கம். அதை அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றைக்கே அடித்துவிட வேண்டும், சேர்த்து வைக்கக் கூடாது. இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. பதம் பார்க்க இரும்புக் கத்தியை முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

இந்த இரண்டிலும் இருப்பது ஒரே அறிவுதான். ஒரு பொருள் ஆபத்தா இல்லையா என்பதை அந்தப் பொருளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு நாளாக இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். வேதிப்பொருள் கிடங்குகளின் நூறு வருஷக் கதையைப் படித்தால், பெரிய விபத்துகள் இந்த மூன்றில் ஏதோ ஒன்றை யாரும் கேட்காத இடத்தில்தான் நடந்திருக்கின்றன. அதிலும் மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நம்ம சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு.

மணலியில் என்ன இருந்தது?

2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி மாலை லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அந்த வீடியோவை நாம் எல்லோரும் கைபேசியில் பார்த்தோம். முதலில் புகை, பிறகு ஒரு வெள்ளைக் குமிழி, அப்புறம் நகரமே ஆடுகிறது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். கடல் தாண்டி சைப்ரஸ் தீவு வரை சத்தம் கேட்டது.

அதற்கு இரண்டு நாள் கழித்துத் தமிழ்நாட்டில் ஒரு செய்தி பரவியது. சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் ஒரு கண்டெய்னர் சரக்கு நிலையத்தில் இதே அம்மோனியம் நைட்ரேட் சுமார் 700 டன் இருக்கிறதாம், அதுவும் 2015ஆம் வருஷத்திலிருந்து. தென்கொரியாவிலிருந்து இறக்குமதி ஆன சரக்கு அது. உரத்துக்கான தரம் என்று காகிதத்தில் காட்டியிருந்தார்கள், ஆனால் வெடிமருந்து தயாரிக்கும் தரம் என்று சொல்லி சுங்கத்துறை பறிமுதல் செய்தது. இறக்குமதி செய்த கரூர் நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடந்தது. மூட்டைகள் கண்டெய்னருக்குள்ளேயே கிடந்தன.

நடுவில் 2015 டிசம்பர் மாதத்து வெள்ளம் வேறு வந்தது. சரக்கில் ஒரு பகுதி அதில் நனைந்து வீணானது. மிச்சம் 697 டன், 37 கண்டெய்னர். சுங்கத்துறை தந்த விளக்கத்தில், சரக்கு பத்திரமாக இருக்கிறது, 2 கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருப்பு இல்லை, மின்னணு ஏலம் முடிந்துவிட்டது, சீக்கிரம் அனுப்பிவிடுவோம் என்று சொன்னார்கள். மணலி புதுநகர் அந்த 2 கிலோமீட்டருக்குள்ளேயே வந்துவிடுகிறதே என்று பத்திரிகைகள் திருப்பிக் கேட்டன.

ஆகஸ்ட் 9ஆம் தேதி முதல் 10 கண்டெய்னர்கள் ஹைதராபாத்துக்குக் கிளம்பின. அங்கே உரிமம் பெற்ற ஒரு வெடிபொருள் நிறுவனம் ஏலத்தில் எடுத்திருந்தது. மற்றவையும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தன. ஐந்து வருஷம் நகராத சரக்கு, பெய்ரூட் வெடித்த ஐந்தாவது நாள் நகர்ந்தது. ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதனாலேயே இந்தக் கதையை நாம் சீக்கிரம் மறந்துவிட்டோம். என்னைக் கேட்டால் மறக்கக் கூடாத கதை இது.

இந்த உப்பின் குணம்

அம்மோனியம் நைட்ரேட் பார்க்க சர்க்கரை மாதிரி, ஜவ்வரிசி மாதிரி இருக்கும் ஒரு வெள்ளை உப்பு. பயிருக்கு நல்ல தழைச்சத்து. கல்குவாரிகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் எரிஎண்ணெய் கலந்து வெடிமருந்தாகவும் பயன்படுகிறது. ஒரே மூட்டைக்கு இரண்டு வேலை. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தனியாக, சுத்தமாக, குளிர்ச்சியாக இருந்தால் இது சாதுவான பொருள். தீக்குச்சி கிழித்துப் போட்டால்கூடத் தானாக எரியாது. ஆனால் பக்கத்தில் எரிவதற்கு ஆக்சிஜன் கொடுக்கும். விறகு, சாக்கு, டீசல், கந்தகம், உலோகத் தூள் இப்படி எது கலந்தாலும் அதன் சுபாவம் மாறிவிடும். சுமார் 170 டிகிரியில் உருகும். உருகியது ஒரு சாக்கடைக்குள்ளோ குழாய்க்குள்ளோ ஓடி அடைபட்டு, சூடு ஏறிக்கொண்டே போனால் வெடிக்கலாம். அதனால்தான் இதை வைக்கிற கிடங்கில் தரைக்கடியில் வடிகால் இருக்கக் கூடாது என்கிறார்கள். நமக்குக் கிடங்கு என்றாலே வடிகால் வேண்டும் என்றுதான் தோன்றும். இங்கே நேர் எதிர்.

இன்னொரு குணம் நம்ம ஊர் வெயிலுக்கு ரொம்பப் பொருந்தும். இந்த உப்பின் படிக அமைப்பு சுமார் 32 டிகிரி செல்சியஸில் மாறுகிறது. மாறும்போது அதன் பருமனும் கொஞ்சம் மாறும். சென்னையில் ஒரு நாளில் வெயில் ஏறும்போது ஒரு தடவை, இரவில் இறங்கும்போது ஒரு தடவை அந்த 32ஐத் தாண்டும். ஒவ்வொரு தடவையும் மணிகள் விரிந்து சுருங்கி, விரிசல் விட்டு, தூளாகும். தூள் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். எண்ணெய் பட்டால் மணியைவிடத் தூள் நன்றாக உறிஞ்சும். இதைத் தடுக்கத் தயாரிப்பின்போதே சில சேர்மானம் போடுகிறார்கள். ஆனாலும் வந்த நாளில் இருந்த சரக்கும் ஐந்து வருஷம் தகரப்பெட்டியில் வெந்த சரக்கும் ஒன்றில்லை. பெயர்ப்பலகை மட்டும்தான் அதே.

கட்டி தட்டுவது சின்ன விஷயம் இல்லை. ஜெர்மனியில் ஓப்பாவ் என்ற ஊரில் இருந்த பி.ஏ.எஸ்.எஃப் உரத் தொழிற்சாலையில் அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த உரம் 4,500 டன் ஒரே கிடங்கில் குவிந்திருந்தது. அது பாறை மாதிரி இறுகிவிடும். கடப்பாரை எறங்காது. அதனால் சின்னச் சின்ன டைனமைட் வைத்து உடைப்பார்கள். எங்கள் பக்கம் கிணற்றுக்குள் பாறை வந்தால் குழி போட்டு வெடி வைப்பது மாதிரி. 20,000 தடவைக்கு மேல் அப்படிச் செய்திருந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. 1921 செப்டம்பர் 21ஆம் தேதி காலை ஆனது. மொத்தச் சரக்கில் பத்தில் ஒரு பங்குதான் வெடித்ததாகக் கணக்கிட்டார்கள். அதற்கே 500 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், ஊரே தரைமட்டம்.

"இத்தன வருசமா ஒன்னும் ஆகலயே" என்பது ஆதாரம் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 20,000 தடவை சரியாக ஓடிய நிரல் அடுத்த தடவையும் ஓடும் என்று எங்கள் மென்பொருள் தொழிலில் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டோம். உள்ளே போகும் தரவு கொஞ்சம் மாறினாலே போதும். ஓப்பாவிலும் கலவையின் விகிதம் இடத்துக்கு இடம் மாறியிருந்திருக்கலாம் என்றுதான் பின்னால் யோசித்தார்கள்.

தீயை மூடி அணைக்கலாமா?

அடுத்தது அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகம், 1947 ஏப்ரல் 16. கிராண்ட்காம்ப் என்ற கப்பலில் 2,000 டன்னுக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் காகிதப் பைகளில் ஏற்றியிருந்தார்கள். காலை 8 மணி வாக்கில் கப்பலின் அடித்தளத்தில் புகை. தண்ணீர் அடித்தால் சரக்கு கெட்டுவிடும் என்று யோசித்து, மூடிகளைச் சாத்தி உள்ளே நீராவி விட்டார்கள். சாதாரணச் சரக்குக்கு அது நல்ல வழிதான். காற்று இல்லாவிட்டால் தீ அணையும்.

ஆனால் இந்த உப்புக்கு வெளிக்காற்று தேவையில்லை, ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. மூடியதால் அழுத்தம் ஏறியது, நீராவியால் சூடு ஏறியது. 9 மணி 12 நிமிடத்துக்கு வெடித்தது. 581 பேர் இறந்ததாகப் பதிவு. ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படை 28 பேரில் 27 பேர் அந்த ஒரு நொடியில் போனார்கள். பக்கத்தில் நின்ற ஹை ஃப்ளையர் என்ற கப்பலில் இதே உப்போடு கந்தகமும் இருந்தது. அது மறுநாள் விடியுமுன் வெடித்தது.

இதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாலுமிகள் அவர்களுக்குத் தெரிந்த நல்ல வழியைத்தான் செய்தார்கள். உள்ளே இருப்பது என்ன பொருள், அதன் குணம் என்ன என்பது தீயை அணைக்கப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே விட்டுப்போனது. இப்போதைய விதி என்ன சொல்கிறது? ஆரம்பத்தில் பார்த்தால் தண்ணீர், நிறையத் தண்ணீர். கதவு ஜன்னல் எல்லாம் திற. தீ பெரிதாகிவிட்டால் அணைக்க நிற்காதே, ஊரைக் காலி பண்ணு. அம்புட்டுதான்.

பம்பாய்: பருத்திக்கு மேலும் கீழும் குண்டு

நம் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. ஏப்ரல் 14ஆம் தேதி தீயணைப்பு நிலையங்களில் நீத்தார் நினைவு நாள் நடத்துகிறார்களே, அது எதனால் என்று யோசித்திருக்கிறீர்களா? 1944ஆம் வருஷம் அதே நாளில் பம்பாய் விக்டோரியா துறையில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த நாள்.

அந்தக் கப்பல் இங்கிலாந்திலிருந்து சுமார் 1,400 டன் வெடிபொருளோடு கிளம்பியது. போர்க்காலம். கராச்சியில் கொஞ்சம் சரக்கு இறக்கியதும் உள்ளே இடம் காலியானது. காலி இடத்தோடு கப்பலை அனுப்ப யாருக்கும் மனசில்லை. ஆயிரக்கணக்கான பருத்திப் பொதிகள், எண்ணெய் பீப்பாய்கள், மரம், இன்னும் என்னென்னவோ ஏற்றினார்கள். கப்பல் தலைவர் தயங்கினார், ஆனால் ஏற்றுக்கொண்டார். பருத்திக்கு மேலேயும் கீழேயும் வெடிபொருள் இருந்தது.

14ஆம் தேதி மதியம் பருத்தியிலிருந்து புகை. அபாயச் சரக்குக்கான சிவப்புக்கொடி கப்பலில் ஏறவில்லை. அதனால் மற்றவர்களுக்கு இது சாதாரணப் பஞ்சுத் தீ. தீயணைப்பு வண்டிகள் வந்து குழாயை எடுத்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வந்தது. கப்பலை நடுக்கடலுக்கு இழுத்துப் போவதா, அங்கேயே மூழ்கடிப்பதா, தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பதா என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். உத்தரவு போட ஒருத்தர் இல்லை. நாலு மணி தாண்டியதும் முதல் வெடிப்பு, அரை மணியில் இரண்டாவது. சிம்லாவில் இருந்த நில அதிர்வுக் கருவியில் அது பதிவானது. கப்பலில் இருந்த தங்கக் கட்டிகள் வீடுகளின் கூரை மேல் போய் விழுந்தன.

வெடிகுண்டும் தனியாகப் பத்திரமாகத்தான் இருந்தது, பருத்தியும் தனியாகப் பத்திரமாகத்தான் இருந்தது. சேர்த்து அடுக்கியவர்தான் புதிதாக ஒரு பொருளை உண்டாக்கினார். கிடங்குச் சட்டங்களில் இதற்கு ஒவ்வாப் பொருள்களைப் பிரித்து வைத்தல் என்று பெயர். எங்கள் ஊர்க் கொத்தனார் வைக்கோல் படப்பைக் காட்டி "அங்கிட்டு எறக்காத" என்று சொன்னதும் இதேதான்.

சும்மா இருப்பதும் ஒரு வேலை

இதுவரை சொன்னது பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. இரண்டாவது கேள்வி, எவ்வளவு நாளாக?

2020 மே 7ஆம் தேதி விடியற்காலை விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்தது. 12 பேர் இறந்தார்கள். பல பேர் தூக்கத்திலேயே மயங்கி, எழுந்து ஓடியவர்கள் தெருவில் விழுந்து கிடந்த படங்கள் ஞாபகம் இருக்கலாம். ஊரடங்கினால் ஆலை ஓடவில்லை. ஓடாத ஆலையில் என்ன ஆகிவிடும் என்றுதான் யாரும் நினைப்போம்.

ஸ்டைரீன் அப்படிப்பட்ட திரவம் இல்லை. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பிளாஸ்டிக்காக மாறத் துடித்துக்கொண்டே இருக்கும். மாறும்போது சூடு வரும், சூடு வந்தால் இன்னும் வேகமாக மாறும். அதை அடக்கி வைக்க ஒரு தடுப்பு மருந்து போட வேண்டும், தொட்டியைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், அடிக்கடி கலக்கிவிட வேண்டும். வாரக்கணக்கில் அசையாமல் நின்ற தொட்டியில் தடுப்பு மருந்து தீர்ந்துகொண்டே வந்தது. குளிரூட்டியும் நாள் முழுவதும் ஓடவில்லை. அடியில் இருந்த வெப்பமானி மேலே ஏறிய சூட்டைக் காட்டவில்லை.

போபாலிலும் அடிப்படை இதேதான். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு அங்கே மீதைல் ஐசோசயனேட் உற்பத்தி நடக்கவில்லை. மீதைல் ஐசோசயனேட் சுமார் 40 டன் ஒரே தொட்டியில் சும்மா நின்றது. செலவைக் குறைக்கக் குளிரூட்டும் எந்திரத்தை முன்பே நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் உள்ளே போனது. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

நெல் மூட்டை சும்மா கிடந்தால் சும்மா கிடக்கும், அதிகபட்சம் எலி தின்னும். வினைபடும் வேதிப்பொருள் சும்மா கிடப்பதற்கே தினமும் ஒருத்தர் வேலை செய்ய வேண்டும். சூடு பார்க்கணும், ஈரம் பார்க்கணும், பழைய மூட்டையை முதலில் வெளியே அனுப்பணும், கட்டி தட்டியதைத் தனியே எடுக்கணும். சம்பளம் கொடுக்கிறவர் இருக்கும் வரை இந்த வேலை நடக்கும். சம்பளம் கொடுக்கிறவர் காணாமல் போனால்?

யாருடைய சரக்கு?

பெய்ரூட்டுக்குத் திரும்பிப் போவோம். அந்த உப்பு பெய்ரூட்டுக்கு வர வேண்டியதே இல்லை. ஜார்ஜியாவின் பதூமி துறைமுகத்திலிருந்து மொசாம்பிக்கில் ஒரு வெடிமருந்து ஆலைக்குப் போக வேண்டிய சரக்கு. ரோசஸ் என்ற பழைய கப்பல், மால்டோவா நாட்டுக் கொடி. 2013 நவம்பரில் வழியில் பெய்ரூட்டுக்கு வந்தது. கட்டணம் பாக்கி, கப்பலும் ஓடும் நிலையில் இல்லை என்று நிறுத்தி வைத்தார்கள். முதலாளி கைவிட்டார். மாலுமிகள் பல மாதம் அதிலேயே மாட்டிக்கொண்டார்கள். 2014இல் சரக்கை இறக்கி 12ஆம் எண் கிடங்கில் போட்டார்கள். கப்பல் 2018இல் துறைமுகத்திலேயே மூழ்கியது.

சுங்க அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. 2014 முதல் 2017 வரை பல தடவை நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். திருப்பி ஏற்றுமதி செய்ய விடுங்கள், இல்லை ராணுவத்துக்குக் கொடுங்கள், இல்லை உள்ளூர் வெடிமருந்து நிறுவனத்துக்கு விற்க விடுங்கள் என்று. சரக்கு நகரவில்லை. அதே கிடங்கில் பட்டாசும் இருந்தது.

மணலியை இதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அளவு நாலில் ஒரு பங்கு. திறந்த குவியல் இல்லை, கண்டெய்னர்களில் பிரிந்து இருந்தது. பக்கத்தில் பட்டாசு இல்லை. ஆகவே இரண்டும் ஒன்று என்று சொல்லி யாரையும் பயமுறுத்த மாட்டேன். ஆனால் காகிதத்தில் இருந்த நிலைமை ஒன்றேதான். இறக்குமதி செய்தவருக்கு அது இப்போது அவருடைய சரக்கு இல்லை. சுங்கத்துறைக்கு அது வழக்குச் சொத்து. நீதிமன்றத்துக்கு அது ஒரு கோப்பு. கிடங்குக்காரருக்கு அது அடுத்தவன் பொருள். சரக்கு இருந்தது, உரிமையாளர் என்ற கட்டம் மட்டும் காலி. எங்கள் அலுவலகத்தில் யார் பெயரும் போடாத டிக்கெட் ஒன்று இருந்தால் அது எத்தனை வருஷம் ஆனாலும் மூடப்படாது. அந்த டிக்கெட் வெடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் இருக்கிறது. சட்டம் தன் வேலையைச் சரியாகச் செய்தபோதுதான் இந்த நிலைமை வந்தது. தப்பான காகிதத்தோடு வந்த சரக்கைப் பிடித்தது சரி. வழக்குப் போட இறக்குமதியாளருக்கு உரிமை உண்டு, அதுவும் சரி. தீர்ப்பு வரும் வரை பொருளை விற்கக் கூடாது என்பதும் நியாயம். எல்லாப் படியும் சரி. ஆனால் டிவியையோ தங்கத்தையோ பறிமுதல் செய்து வைப்பதற்காக ஏற்பட்ட நடைமுறை அது. தங்கம் ஐந்து வருஷம் காத்திருக்கும். இந்த உப்பு காத்திருக்காது.

பிறகும் நடந்தது. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பலில் ஒரு கண்டெய்னரிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்தது. கத்தாரின் ஹமத் துறைமுகத்தில் அதை இறக்கக் கேட்டார்கள், முடியாது என்றார்கள். குஜராத்தின் ஹசீராவில் கேட்டார்கள், அங்கேயும் முடியாது. கசிந்துகொண்டே கொழும்புக்கு வெளியே வந்து நின்றது, 20ஆம் தேதி தீப்பிடித்தது, ஜூன் 2ஆம் தேதி மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் இலங்கையின் மேற்குக் கரை முழுக்கப் பரவின. நீர்கொழும்பு மீனவர்கள் கடலுக்குப் போக முடியவில்லை. இரண்டு துறைமுகமும் தன் கதவைப் பத்திரமாக மூடிக்கொண்டன. அமிலம் மட்டும் நடுவில் நின்றது.

2025 நவம்பர் 14ஆம் தேதி இரவு ஸ்ரீநகர் அருகே நவ்காம் காவல் நிலையத்தில், ஒரு வழக்கில் பிடித்து வந்து வைத்திருந்த வெடிபொருளில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது வெடித்தது. 9 பேர் இறந்தார்கள். பறிமுதல் செய்த பொருளைக் காவல் நிலையத்திலேயே வைப்பது வழக்கம்தானே என்று தோன்றும். அந்த வழக்கம்தான் இங்கே கேள்வி.

சட்டம் என்ன கற்றுக்கொண்டது

இந்தியாவின் வெடிபொருள் சட்டம் 1884ஆம் வருஷத்தியது. எங்கள் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தந்த பெரியாறு அணை வேலை தொடங்கியது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1887இல். அந்த மலையைக் குடைந்த காலத்துச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. ஆனால் ரொம்ப காலத்துக்கு அம்மோனியம் நைட்ரேட் அதற்குள் வரவில்லை, அது உரம்தானே என்று விட்டுவிட்டார்கள். பல ஊர்களில் குண்டுவெடிப்புகளுக்கு அது பயன்பட்ட பிறகு, 2011 ஜூலையில் 45 சதவீதத்துக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் இருக்கும் கலவையை வெடிபொருளாக அறிவித்தார்கள். பிரித்தெடுக்க முடியாதபடி கலந்த உரத்துக்கு மட்டும் விலக்கு. 2012இல் இதற்கென்றே தனி விதிகள் வந்தன. உரிமம் கொடுப்பது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. மத்திய அரசின் அமைப்பு அது, சுருக்கமாக பெசோ என்பார்கள்.

மணலிச் சரக்கு பிடிபட்டது இந்த விதிகள் வந்து மூன்று வருஷம் கழித்து. ஆக, பொருளைப் பற்றிய விதி இருந்தது. பிடிபட்ட பொருள் எத்தனை நாள் எங்கே இருக்கலாம் என்பதற்கு வழி இல்லை. பெய்ரூட்டுக்குப் பிறகு 2021இல் விதிகளைத் திருத்தினார்கள். பறிமுதல் ஆன அம்மோனியம் நைட்ரேட்டை, பிடித்த அதிகாரிகளே சீக்கிரம் ஏலம் விடலாம். இறக்குமதி மூட்டையாகத்தான் வர வேண்டும். துறைமுகத்திலிருந்து குறைந்தது 500 மீட்டர் தள்ளியுள்ள கிடங்குக்குக் கொண்டுபோய்விட வேண்டும். தரை சரியாக இருக்க வேண்டும், தீயணைப்பு வசதி இருக்க வேண்டும்.

இந்தத் திருத்தத்தில் முதல் வரிதான் எனக்குப் பெரிய விஷயம். தரையும் தண்ணீரும் எல்லா நாட்டு விதியிலும் உண்டு. காலியாக இருந்த உரிமையாளர் கட்டத்தில் ஒரு பெயரை எழுதியது அந்த முதல் வரி.

நம்ம ஊருக்கு இதில் என்ன?

கோம்பையில் 700 டன் எதுவும் இல்லை. ஆனால் ராமக்கல்மேட்டு அடிவாரத்திலிருந்து கம்பம் வரை தோட்டம் உள்ள எந்த ஊரிலும் உரக்கடை உண்டு, பூச்சிமருந்துக் கடை உண்டு. கந்தகத்தூளும் பூச்சிமருந்தும் டீசல் கேனும் ஒரே மோட்டார் அறையில் கிடக்கும் தோட்டங்கள் உண்டு. குடிநீர்த் தொட்டிக்குக் கலக்கும் பிளீச்சிங் பவுடர் இருக்கும் அறையிலேயே கழிப்பறை கழுவும் ஆசிட் பாட்டிலும் இருப்பது சகஜம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடின அறையில் அது மூச்சை அடைக்கும். பள்ளிக்கூட ஆய்வகத்து அலமாரிகளில் லேபிள் உதிர்ந்த பாட்டில்கள் உண்டு. எப்போது வாங்கியது, எந்த ஆசிரியர் காலத்தது என்று யாருக்கும் தெரியாது.

பெரிய கிடங்குக்குச் சொன்ன அதே கேள்விகள்தான் இந்த அறைகளுக்கும். பக்கத்தில் என்ன இருக்கிறது? எப்போது வந்தது? இதற்குப் பொறுப்பு யார், அவர் பெயர் கதவில் எழுதியிருக்கிறதா? தீப்பிடித்தால் அணைக்க வருகிறவருக்கு உள்ளே இருப்பது என்ன என்று வெளியில் நின்றே தெரியுமா? முதல் இரண்டுக்குப் பதில் தேட பத்து நிமிஷம் போதும். மூன்றாவதுக்குத்தான் நாள் ஆகும். ஏனென்றால் கேட்டால் எல்லோரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். அப்படிக் கை காட்டினால் அந்த அறையைத்தான் முதலில் காலி செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

மணலியிலிருந்து அந்த 37 கண்டெய்னரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் அவை நகர்வதற்கு 200 பேருக்கு மேல் வேறொரு நாட்டில் சாக வேண்டியிருந்தது. அடுத்த சரக்குக்கு அப்படி ஒரு நினைவூட்டல் தேவைப்படக் கூடாது.